அன்புள்ள பெயர்

முதுநகர்த் துறைமுகத்தில் ஏலம் முடியும்போது
மணி ஐந்தே கால்.
ஐஸ் பெட்டிமேல் சங்கராவை வரிசையாகப் படுக்கவைத்து
வெளிச்சம் வருமட்டும் காத்திருப்பேன்.
ஃபிளாஷ் போட்டால் நேற்றைய மீன் மாதிரி
கண் வெளுத்துவிடும்.
ஒரு படம். விலை. "இன்னிக்கு இது."
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
ஒரே விரலில் போய்ச் சேரும்.

யார் பெயரும் என் போனில் பெயராக இல்லை.
மூணாவது மாடி வஞ்சிரம்.
நெய்வேலி பிளாக் பதினெட்டு, முள் ஆகாது.
செவ்வாய் வெள்ளி கூப்பிடாதே.
சில்லறை தராத டாக்டர்.
கரையேறவிட்டகுப்பம் வால்பக்கம்.
பாதிப் பேரின் முகம் தெரியாது,
குழம்பா வறுவலா என்பது தெரியும்.

மஞ்சக்குப்பத்தில் ஒருநாள் பயிற்சி போட்டார்கள்,
மகளிர் குழுவுக்கு, மதியம் தக்காளி சாதத்தோடு.
கழுத்தில் அட்டை தொங்கிய தம்பி சொன்னார்:
"வாட்ஸ்அப் மட்டும் போதாதுக்கா. மின்னஞ்சலும் வேணும்.
வாடிக்கையாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."
முகவரி கேட்டு வாங்கி
எழுபத்துமூன்று பேருக்கு அனுப்பினேன்.
எந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டேனோ,
அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி போய் விழுந்தது:

"அன்புள்ள பெயர்,
உங்களுக்காகவே இன்று பிடித்த கொடுவா."

புதுச்சேரி சுய்ப்ரேன் வீதி ஓட்டல்காரர்
(மின்னஞ்சல் தவிர எதிலும் பேசமாட்டார்,
கடன் சொல்வதென்றாலும் "தங்கள் மேலான கவனத்திற்கு")
மறுமொழி போட்டார்:
"பெயர் நலம். கொடுவா ஆறு கிலோ."
அப்புறம் ஒரு வாரம் எல்லோரும் பெயராகவே இருந்தார்கள்.
"பெயர் பேசுறேன், நண்டு இருக்கா?"
அந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகவே விற்றது.
தம்பியின் பலகையில் இதற்கு இடம் இருந்திருக்காது.

கார்த்திகையில் துறைமுகக் கம்பத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
படகுகள் கயிற்றில் முட்டிக்கொண்டு நின்றன.
பெட்டி காலி. படமெடுக்க ஒன்றுமில்லை.
பழக்கதோஷம், கூண்டையே எடுத்தேன்.
லென்ஸில் ஒரு மழைத்துளி ஒட்டியிருந்தது.
"இன்னிக்குக் கடல் இல்லை" என்று எழுதி
விலை போடாமல் அனுப்பிவிட்டேன்.

வஞ்சிரம் பாதி விலைக்குப் போட்ட நாளில்கூட
பதினேழு பதில்தான் வந்தது.
அன்று இருட்டும்வரை போன் அடங்கவில்லை.
வீட்டுக்காரர் கரைக்கு வந்துட்டாரா?
கூரை தாங்குமா?
பிள்ளைங்களைக் கூட்டிட்டு இங்க வந்துடு, மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறாது.
சில்லறை தராத டாக்டர்
பழைய பாக்கி நூற்று நாற்பதை அனுப்பிவைத்தார்.
செவ்வாய் வெள்ளி கூப்பிடாதே
தானாகக் கூப்பிட்டார், வெள்ளிக்கிழமை.

வால்பக்கம் மட்டும் ஒரே சொல்லில்:
"அஞ்சல்."

என் பேரைப் பாதியில் வெட்டிவிட்டாரா?
அஞ்சலாட்சியை எங்கள் வீட்டில் ஆச்சி என்பார்கள்,
தலைப்பக்கத்தை யாரும் எடுத்ததில்லை.
தபால் ஏதும் வரவேண்டியிருக்கிறதா?
இல்லை, மின்னஞ்சலில் மின் போய்விட்டதா?
கரண்டும் அப்போதுதான் போயிருந்தது.
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
"பயப்படாதே என்று அர்த்தம். பழைய தமிழ்.
உங்க பேர்லயே இருக்கே."

ஒன்பது சதவீதம் சார்ஜ் மிச்சம்.
அவர் எண்ணைத் திறந்து பேரை மாற்றப் போனேன்.
என்ன பேர் போடுவது?
ஆறு வருஷமாகக் கேட்டதே இல்லை.
ஓடு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.
வால்பக்கம் என்றே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் கூண்டு இறங்கியது.
வந்தது பொடிசாகக் காரப்பொடி, இரண்டே கூடை.
வெளிச்சத்துக்குக் காத்திருந்து
ஒரு படம். விலை.
"அன்புள்ள பெயர், இன்னிக்கு இது."
அரைமணி நேரத்தில் தீர்ந்தது.
டாக்டர் மறுபடியும் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.